கார் கதவில் தைத்தால் அது தையலா?

கிராஸ் ஸ்டிட்ச் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வீட்டு வரவேற்பறைச் சுவர்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பிள்ளையார், இல்லையென்றால் ஜோடி மயில். அம்மாவோ சித்தியோ அத்தையோ கல்யாணத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டது. சின்னச் சின்னக் கட்டம் உள்ள துணியில் எண்ணி எண்ணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். முடித்தாச்சு, சட்டம் போட்டாச்சு, மாட்டியாச்சு. அதற்குப் பிறகு அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. வீடு மாறும்போது தூசு தட்டுவதோடு சரி.

இதே தையலை ஒருவர் கார் கதவில் போடுகிறார். கதவு போன்ற படம் இல்லை, பழைய காரிலிருந்து கழற்றிய நிஜக் கதவு. அதில் சிவப்பு ரோஜா, பச்சை இலை, எல்லாமே பருத்தி நூல். கதவு மட்டும் இல்லை. தகர வாளி, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி, பானை மூடி, கரண்டி என்று வீட்டில் கிடக்கும் உலோகச் சாமான் எல்லாவற்றிலும் தைக்கிறார்.

அவர் லித்துவேனியா நாட்டுக் கலைஞர், 1977இல் பிறந்தவர். பெயர் செவெரியா இன்சிராவ்ஸ்கைத்தே-க்ரியாவ்னேவிச்சியேனே. மூச்சு வாங்குகிறதா? எனக்கும் வாங்கியது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. லித்துவேனிய மொழியில் ‘-ஐத்தே’ என்று முடிந்தால் இன்னாரின் மகள். ‘-யேனே’ என்று முடிந்தால் இன்னாரின் மனைவி. நம்ம மைகார்டில் ‘ஏ/பி’ போடுகிற மாதிரி, அப்பா வீடு, கணவர் வீடு இரண்டையும் அவர் பெயரிலேயே சுமக்கிறார். அப்பா உலோகக் கலைஞர். மகள் கையில் எடுத்தது ஊசி நூல். இரும்பும் நூலும் சந்தித்த கதை அந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கிராஸ் ஸ்டிட்ச் அங்கேயும் நம்ம வீட்டுக் கதைதான். லித்துவேனியா 1990 மார்ச்சில் சுதந்திரம் அறிவிக்கும்வரை சோவியத் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்து வீடுகளிலும் ரோஜா, பழக்கூடை என்று தைத்த துணிகள் தலையணையிலும் மேசையிலும் சுவரிலும் இருந்தன. ‘பெரிய கலை’ பேசுகிறவர்கள் இதையெல்லாம் மலிவான ரசனை என்று ஒதுக்குவார்கள். செவெரியா அந்த மலிவான ரோஜாவையேதான் எடுத்துக்கொள்கிறார். அதைத் திருத்தி நாகரிகமாக்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. அப்படியே தூக்கி இரும்பில் வைக்கிறார்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். இந்தப் படங்களைப் பார்த்தபோது முதலில் மனதில் வந்தது அழகு இல்லை. ‘இதுக்கு எத்தனை துளை போடணும்?’ என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராஸ் ஸ்டிட்சில் ஒரு தையலுக்கு நான்கு மூலை, நான்கு துளை. பக்கத்துத் தையல் இரண்டு துளைகளைப் பகிர்ந்துகொள்ளும். ஆக, நீளத்தில் 60, அகலத்தில் 60 என்று 3,600 தையல் உள்ள ஒரு சதுரத்துக்கு 61 பெருக்கல் 61, அதாவது 3,721 துளை. துணியில் இந்த 3,721 துளையும் இலவசம். நெசவுக்காரர் அதை ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டார். கடையில் விற்கும் ‘ஐடா’ துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்று அச்சாகவே வரும். தைப்பவர் எண்ணினால் போதும்.

இரும்பு அப்படி எதையும் தராது. முதலில் கட்டம் வரைய வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு போய்விடும். கார் கதவு சமதளமும் இல்லை, வளைந்திருக்கும். பிட்டைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் துளை சாய்ந்துவிடும். துளை போட்ட பிறகு பின்பக்கம் பிசிறு நிற்கும். பல்கலைக்கழகப் பட்டறையில் பிசிறில் விரலைக் கிழித்துக்கொள்ளாத முதலாண்டு மாணவர் யாரும் இல்லை. விரலையே கிழிக்கும் பிசிறு பருத்தி நூலை விட்டுவைக்குமா? எல்லாத் துளையின் விளிம்பையும் வழவழப்பாக்க வேண்டும். குறி, தட்டு, துளை, பிசிறு நீக்கம் எல்லாம் சேர்த்து ஒரு துளைக்கு 2 நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் 3,721 துளைக்கு 124 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றால் பதினைந்தரை நாள். இது என் கணக்கு, அவருடைய கணக்கு இல்லை. கை தேர்ந்தவர் இதைவிட வேகமாகச் செய்வார். ஆனால் இந்தப் பதினைந்தரை நாளில் இன்னும் ஒரு தையல்கூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, நெருக்கம். 14 கட்டத் துணியில் இரண்டு துளைக்கு நடுவே சுமார் 1.8 மில்லிமீட்டர். அதே நெருக்கத்தில் இரும்பில் 1 மில்லிமீட்டர் துளை போட்டால் நடுவில் மிச்சமிருப்பது 0.8 மில்லிமீட்டர் உலோகம். கார் கதவின் வெளித்தகடு கனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தகடு சல்லடை மாதிரி ஆகிவிடும். அதனால் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், நூலையும் தடிப்பாக்க வேண்டும். பொருள் மாறினால் அளவு மாறும், அளவு மாறினால் பூவின் தோற்றம் மாறும். பழைய வடிவத்தைக் காப்பியடித்து ஒட்டிவிட முடியாது. இழுவையில் இருக்கும் ஒரு தகட்டில் துளை போட்டால் அந்தத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு ஏறும் என்று பாடத்தில் படிக்கிறோம். இங்கே அந்த மாதிரி ஆயிரக்கணக்கில் துளை! எங்கள் விரிவுரையாளர் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்.

இனி இதழுக்குரிய கேள்விக்கு வருகிறேன். இது அதே தையல்தானா? துணி இல்லை, மென்மை இல்லை, மடித்து வைக்க முடியாது, துவைக்க முடியாது. தையலைத் தையலாக்கிய எதுவுமே இல்லாத இடத்தில் தையல் போட்டால் மரபு தொடர்கிறது என்று சொல்வதா, மரபை வைத்து வித்தை காட்டுகிறார் என்று சொல்வதா?

நம் நூல்களில் இதற்கு நெருக்கமாக இரண்டு உவமைகள் இருக்கின்றன. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணைக் காட்டிப் பாடம் சொல்கிறார். ஒரு மண் கட்டியை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்ததாகும்; பானை என்பதும் சட்டி என்பதும் பெயர் வேறுபாடு, மண் ஒன்றே மெய் என்பது அதன் கருத்து. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வருவது துணி உவமை. நைந்த உடையைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடலை மாற்றிக்கொள்கிறது. முதல் உவமையில் பொருள்தான் மெய், வடிவம் வெறும் பெயர். இரண்டாவதில் பொருள் கழற்றிப் போடக்கூடியது, உடுத்துபவர் வேறு.

இரண்டும் ஆன்மாவைப் பற்றியவை, கைவேலையைப் பற்றியவை இல்லை என்பது தெரியும். இவற்றை இழுத்து வந்து கார் கதவுக்குத் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. நான் சொல்ல வந்தது வேறு. நாம் அன்றாடம் பேசும்போது இந்த இரண்டையும் வசதிப்படி மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மண் கட்சி: ‘வாழை இலைதான், பிளாஸ்டிக் இலை கூடாது.’ நமக்குச் சோம்பலாக இருந்தால் உடை கட்சி: ‘எதுல செஞ்சா என்ன, மனசு சுத்தமா இருந்தா போதும்.’ ஒரே ஆள், ஒரே பூஜை நாள், காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி. கோயில் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சும்மா பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘அந்தக் காலத்து அசல்’ என்று எதையும் பிடித்து நிறுத்துவது கஷ்டம். சுவாமி திருமேனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் உண்டு, ஐம்பொன் உண்டு, ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் சுதை, காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2019இல், குளத்திலிருந்து எடுத்துத் தரிசனத்துக்கு வைத்த அத்திவரதர் மரம். தையலிலும் அப்படித்தான். இந்தியத் தையல்காரர்கள் பொன்வண்டின் பச்சை இறக்கையைத் துண்டு துண்டாக வெட்டித் துணியில் தைத்தார்கள். 1903இல் டில்லி தர்பார் விருந்துக்குக் கர்சன் பிரபுவின் மனைவி உடுத்திய மயில் கவுனில், ஒவ்வொரு மயிற்கண்ணின் நடுவிலும் மின்னியது வண்டின் இறக்கைதான். அன்று அது எத்தனை பேருக்கு விசித்திரமாகத் தெரிந்ததோ.

இரும்பில் நூல் போவது புதுசு என்றால், நூலோடு உலோகம் போவது ரொம்பப் பழசு. நம்ம கல்யாணப் பட்டுச் சேலையின் சரிகை என்ன? பட்டு நூலைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்கப் பூச்சு. இன்று செம்புக் கம்பியில் செய்ததும் வருகிறது, பாலியெஸ்டர் படலத்தில் செய்ததும் வருகிறது. இதில் எனக்கு ஒரு தெளிவு உண்டு. பாலியெஸ்டர் சரிகையைப் பாலியெஸ்டர் என்று சொல்லி விற்றால் தவறே இல்லை. ஒரு ஏழைப் பெண்ணும் பளபளப்பாக மணமேடையில் உட்காரலாம், நல்லதுதான். அதையே வெள்ளி என்று சொல்லி விற்றால் மோசடி. பொருள் ஒன்றே, சேலை ஒன்றே, சொன்ன சொல்தான் வேறு. செவெரியாவின் வாளியில் எந்த மறைப்பும் இல்லை. துரு துருவாகத் தெரிகிறது, தகரம் தகரமாகத் தெரிகிறது, நூல் நூலாகத் தெரிகிறது.

மறைக்காமல் இருந்தால் மட்டும் போதுமா? பிளாஸ்டிக் கோல ஸ்டிக்கரும் எதையும் மறைக்கவில்லையே. அதைப் பார்த்து ‘அடடா, அரிசி மாவு’ என்று யாரும் ஏமாறுவதில்லை.

கோலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் நம் கைக்கு எட்டும் உதாரணம் அதுதான். அரிசி மாவு என்ன வேலை செய்தது? வெள்ளையாகத் தெரிந்தது, அது ஒன்று. எறும்புக்கும் குருவிக்கும் தீனியானது, அது இரண்டு. மூன்றாவது, நம் கண்ணில் படாதது: அது அழிந்தது. காற்றில் பறந்தது, மழையில் கரைந்தது, மிதிபட்டது. அழிந்ததால்தான் மறுநாள் காலையில் ஒருவர் குனிய வேண்டியிருந்தது. பாட்டி தினமும் வாசலைக் கழுவியதற்குக் காரணம் அவர் ரொம்பச் சுறுசுறுப்பு என்பது மட்டும் இல்லை, மாவு அவரைச் சும்மா விடவில்லை.

பிறகு கல் மாவு வந்தது. மலிவு, வெள்ளை, விரலில் ஒழுங்காக இறங்கும். எறும்புக்குச் சாப்பாடு போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டிக்கரைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் பலரும் கல் மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. காரணம், கல் மாவும் அழியும்; குனிகிற வேலை அப்படியே இருந்தது. ஸ்டிக்கரோ ஒருமுறை ஒட்டினால் ஒரு வருடம். துடைப்பத்தால் பெருக்கினாலும் அசையாது. மூன்று வேலையில் இரண்டை அது எறிந்துவிட்டு, ‘வெள்ளையாகத் தெரிவது’ என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய பொருள் செய்துவந்த வேலையைப் புதிய ஏற்பாட்டில் யார் செய்கிறார்கள்? ஸ்டிக்கரில் யாரும் செய்யவில்லை. கார் கதவில், துணி இலவசமாகக் கொடுத்த 3,721 துளையையும் ஒரு மனுஷி தன் கையால் போடுகிறார். இரண்டுமே ‘மரபைப் புதிய பொருளுக்கு மாற்றுதல்’ என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கும். ஆனால் போகும் திசை நேர் எதிர்.

இங்கே ஒரு தோழி என்னிடம் சண்டைக்கு வந்தாள், நியாயமான சண்டை. “அப்போ கஷ்டப்பட்டாத்தான் மரபா? எங்கம்மா ரெண்டு ஷிப்ட் பாக்குறாங்க. முட்டி வலி. பதினாலாவது மாடி, வாசலே கிடையாது, பொது நடைபாதைதான். அவங்க ஸ்டிக்கர் ஒட்டினா உனக்கு என்ன?”

எனக்கு ஒன்றும் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த அம்மாவின் ஸ்டிக்கரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கஷ்டமே புண்ணியம் என்று நம் நூல்களும் சொல்லவில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம், சாத்திரம் சொல்லாத கடுந்தவத்தை ஆடம்பரத்தோடும் அகங்காரத்தோடும் செய்து உடலை வதைப்பவர்களைக் கண்டிக்கிறது. வேலை கூடுதலாக இருந்தால் பக்தி கூடுதல் என்று கிலோ கணக்கில் அளந்தால் நாம் அந்தப் பக்கம்தான் போய் நிற்போம்.

காவடியில் இது இன்னும் சிக்கல். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அறுபது வயது அண்ணன் ஒருவர் நேர்த்திக்கடனை நிறைவேற்ற அலுமினியச் சட்டத்தில் காவடி கட்டிப் பத்துமலையின் 272 படியையும் ஏறி இறங்கினால், அந்த உலோகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். எடை மிச்சமாயிற்று என்று அதே சட்டத்தை இன்னும் உயரமாக்கி, நுரைப்பலகையில் சிற்பம் வெட்டி, விளக்குச் சரம் சுற்றினால்? பொருளைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. மிச்சமான எடையை எங்கே செலவழித்தோம் என்று கட்டியவர்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்து ‘இது பக்தி, இது ஷோ’ என்று பிரிக்கிற தைரியம் எனக்கு இல்லை. சிலருக்கு இருக்கிறது, முகநூலில் தினமும் பார்க்கிறோம்.

ஆக, உழைப்பு கூடிற்றா குறைந்ததா என்பது பாதிக் கேள்விதான். அந்த உழைப்பு எதற்கு? செவெரியாவின் இன்னொரு படைப்பு வரிசையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது கொஞ்சம் விளங்கியது. போர் வீரர்களின் இரும்புத் தலைக்கவசங்களை எடுத்து அவற்றில் பூக்களைத் தைத்திருக்கிறார். ஆங்கிலத் தலைப்பின் முதல் சொல்லில் கடைசி இரண்டு எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார். அந்த எழுத்துகளோடு படித்தால் ‘அமைதிக்காகக் கொல்லப்பட்டவர்’, விட்டுவிட்டுப் படித்தால் ‘அமைதிக்காகக் கொல்’. லித்துவேனியா 1940இல் சோவியத் கையில் விழுந்தது, 1941இல் ஜெர்மனி கையில், 1944இல் மறுபடியும் சோவியத் கையில். எல்லாத் தரப்பும் அமைதியும் விடுதலையும் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் வந்தன. அந்த நாட்டில் அந்தத் தலைப்பு விளையாட்டு வார்த்தை இல்லை.

தலைக்கவசத்தில் ஏன் கிராஸ் ஸ்டிட்ச்? ஓவியம் வரைந்திருக்கலாமே, வேலை சுலபமாயிருக்குமே என்று கேட்கலாம். வரைந்திருந்தால் அது அலங்காரம். தையல் என்பது வீட்டில் இருந்தவர்களின் வேலை. சண்டைக்குப் போனவனின் அம்மா, அக்கா, மனைவி, இவர்கள் காத்திருந்தபோது கையில் வைத்திருந்த வேலை. கிழிந்ததை ஒட்டுவதும் அதே ஊசிதான். அந்தக் கை, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இரும்புச் சாமானுக்குள் நுழைகிறது. அதற்குத் துளை வேண்டும், துளைக்கு நேரம் வேண்டும். உழைப்பு இங்கே பெருமைக்காக வரவில்லை, நுழைவதற்கு வேறு வழி இல்லாததால் வருகிறது.

துளை போட்டதும் இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் பொருளின் பழைய பிழைப்பு முடிந்துவிடுகிறது. ஆயிரம் துளை உள்ள வாளியில் தண்ணீர் நிற்காது. பூவாளி எல்லாப் பக்கமும் ஒழுகும். கதவில் பூச்சு போன ஒவ்வொரு விளிம்பிலும் துரு பிடிக்கும். பருத்தி ஈரத்தை வேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு பொறியாளர் பார்வையில் இவர் நல்ல சாமானைக் கெடுக்கிறார். தகர வாளி விஷயத்தில் இது சின்ன நஷ்டம். தலைக்கவசம் விஷயத்தில் நஷ்டமே அர்த்தமாகிவிடுகிறது: இனி இதை யார் தலையிலும் மாட்டிச் சண்டைக்கு அனுப்ப முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு நம்ம தீபாவளிக் கோலம் ஞாபகம் வந்தது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குக் ‘கோலம்’ என்றால் பாதி பேருக்குப் பேரங்காடியின் நடுக்கூடம்தான். சாயம் ஏற்றிய அரிசியில் ராட்சத மயில், விளக்கு, தாமரை. இது நம் நாட்டில் ஊன்றிவிட்ட வழக்கம். நான் இதைக் குறைவாகப் பேசமாட்டேன். வண்ண அரிசி, மாவு மாதிரி பறக்காது, குளிர்சாதனக் காற்றிலும் நிற்கும், மணி மணியாக விழுவதால் ஓரம் கூர்மையாக வரும். பேரங்காடி மூடிய பிறகு ராத்திரி முழுக்க நம் பசங்களும் பெண்களும் முட்டி போட்டுக் குனிந்து, விடியும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். உழைப்பு இருக்கிறது, மறைப்பு இல்லை, அழியவும் அழிகிறது. ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் இது பாஸ்.

ஆனால் திருவிழா முடிந்து கூட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? மூட்டை மூட்டையாக அள்ளிக் கறுப்புப் பைகளில் போடுவார்கள். சாயம் ஏறிய அரிசி. சில இடங்களில் பசையும் சேர்ந்திருக்கும். யாரும் சமைக்க முடியாது, கோழிக்குப் போடவும் தயக்கம். மாவுக் கோலத்தில் அரிசி அரிசியாகவே இருந்தது, வாசலில் கிடந்தபோதும் ஓர் எறும்புக்குச் சாப்பாடாக இருந்தது. இங்கே அதைத் துளை போட்ட வாளி மாதிரி ஆக்கிவிடுகிறோம். தலைக்கவசம் உபயோகம் இழந்தால் ஓர் உயிர் மிச்சம். அரிசி உபயோகம் இழந்தால் என்ன மிச்சம்?

இதற்கு ‘அப்போ அரிசிக் கோலத்தை நிறுத்துங்கள்’ என்பது என் பதில் இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்த அந்த முதுகுகளுக்கு அது மரியாதையும் இல்லை. நம் கிளையில் இந்த வருடம் நடுக்கூடத்துக் கோலத்துக்கு ஏற்பாட்டுக் குழு கூடும்போது, வடிவத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசியைப் பொருளுக்கு ஒதுக்கலாமே என்று கேட்கிறேன். உணவுக்கு ஆகாத உடைந்த அரிசி கிடைக்குமா? கிடைத்தால் என்ன விலை? மஞ்சள், பண்டான் இலை, நீலச் சங்குப்பூ, இவற்றில் தோய்த்தால் எத்தனை நிறம் வரும்? நாசி கெராபுவுக்குச் சோற்றை நீலமாக்குவதே அந்தச் சங்குப்பூதானே! அரக்குச் சிவப்புக்கு மட்டும் வழி தெரியவில்லை. பீட்ரூட் முயன்றால் காயும்போது மங்குமோ என்று சந்தேகம். அப்படித் தோய்த்ததைப் பசை போடாமல் கொட்டினால், தரையில் கிடந்ததை நாம் சாப்பிட முடியாவிட்டாலும் வாத்துப் பண்ணை வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வாரா? மரத்தூள் என்றொரு வழியும் இருக்கிறது, ஆனால் கூடத்துக் காற்றில் பறக்கும், தும்மல் வரும் என்று பேரங்காடிக்காரர் சம்மதிக்கமாட்டார்.

சாயச் சோதனைக்கு ஒரு கிலோ அரிசியும் நான்கு பாத்திரமும் போதும். செப்டம்பர் கூட்டத்துக்கு முன்னால் யாராவது இரண்டு பேர் என்னோடு வந்தால், ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.